மரப்பன்னம் வாங்குமுன் பில் இருக்கிறதா என்று பாருங்கள்

மரம்போலத் தண்டு எழும்பி வளரும் பெரணிச் செடிதான் மரப்பன்னம். அதைக் கேட்பவர் ஹோட்டல்காரராகவோ பங்களாக்காரராகவோ இருப்பார். மேட்டுக் காட்டில் ஏறித் தோண்டி வருவது தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன். ஏற்றி வருவது ஏதோ ஒரு த்ரீவீலர். வழியில் மறித்தால் வழக்கு யார் பெயரில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர்டர் கொடுத்தவர் அன்றைக்கு போனை எடுக்கமாட்டார்.

இலங்கைச் சட்டம் சுருக்கமாக இதுதான். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி, ஒதுக்கு வனத்திலிருந்து (அரசு பாதுகாப்புக்கென ஒதுக்கிய காடு) அனுமதியில்லாமல் செடியை எடுப்பது குற்றம். ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களுக்கு 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. பட்டியலில் உள்ள செடி பூங்காவுக்கு வெளியே நின்றாலும் கைவைக்க முடியாது. நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கு அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். ஆகவே கனடாவிலிருக்கும் மாமாவுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. தேயிலை மலைக்கு மேலே வேலியுமில்லை, போர்டுமில்லை, அதனால் அது தோட்டத்துக் காணி என்று நினைக்கிறார்கள். எல்லைக்கல் புல்லுக்குள் கிடக்கும். “துரை (தோட்ட முகாமையாளர்) எடுக்கச் சொன்னார்” என்பதும் உதவாது. தோட்டக் கம்பனியிடம் இருப்பது குத்தகைக் காணி. பக்கத்து வனத்துக்கு அனுமதி கொடுக்க துரைக்கு அதிகாரம் கிடையாது. அவர் வாயால் சொன்னதை விசாரணையில் ஒத்துக்கொள்வார் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

த்ரீவீலர் ஓட்டும் தம்பிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. குற்றம் நிரூபணமானால் வாகனத்தையும் அரசுடைமையாக்கலாம். “ஹயருக்குத்தான் போனேன்” என்றால் விடமாட்டார்கள். அப்படி ஒரு வேலைக்கு வாகனம் போகாமலிருக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக உரிமையாளரே நிரூபிக்க வேண்டும். வாகனம் முற்றத்தில் துருப்பிடிக்கும்போதும் லீசிங் தவணை மாதம் தவறாமல் வரும்.

முறையாகக் கேட்டுச் செய்வோம் என்று கந்தோருக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது அலைச்சல். வன அலுவலகத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்கச் சொல்வார்கள். அங்கே போனால் பிரதேச செயலகத்தைக் காட்டுவார்கள். செயலகத்தில் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகர்) கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். ஜீ.எஸ். கடிதம் நீங்கள் அந்தப் பிரிவில் குடியிருப்பதைத்தான் சொல்லும், செடி எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. “சொந்தக் காணி என்றால் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டுங்கள்” என்பார்கள். தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருப்பவரிடம் உறுதி எங்கே இருக்கும்? இதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்களோ என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு.

அதனால் வாயால் கேட்டு அலையாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் கொடுங்கள். மூன்றே கேள்வி போதும்: இந்த இடம் ஒதுக்கு வனமா, இந்தச் செடி பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதா, அனுமதி கொடுப்பது யார். செடிக்குத் தாவரவியல் பெயரைப் போடுங்கள், உதாரணமாக சயாத்தியா கிரினிட்டா. வெறுமனே ‘பன்னம்’ என்று எழுதினால் பதிலும் பொத்தாம்பொதுவாக வரும். கடிதம் கிடைத்ததாக எழுத்தில் வாங்காமல் வெளியே வரவேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பிடிபட்டுவிட்டால், விளங்காத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “காசைக் கட்டிவிட்டுப் போ” என்றால் ரசீது கேளுங்கள். வக்கீலுக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

வாங்குகிறவர்கள் தண்டைப் பாருங்கள். அடி வாளால் அறுத்த மாதிரித் தட்டையாக, மேலே காட்டுப் பாசியோடு, இலையெல்லாம் வெட்டி, வேரே இல்லாமல் இருந்தால் அது காட்டுச் செடி. பெரும்பாலும் பிழைக்காது, காசும் போகும். நாற்றுமேடைச் செடி சின்னதாக, பைக்குள் வேர் நிறைந்திருக்கும். பேராதனை, ஹக்கல பூங்காக்களிலும் விசாரித்துப் பாருங்கள். பில்லில் ‘அலங்காரச் செடி 2’ என்று எழுதவிடாதீர்கள். பெயர், திகதி, விற்பவர் முகவரி மூன்றும் வேண்டும். ஓர்கிட் வைக்கப் பன்னத்தண்டுத் துண்டு கேட்பவர்களுக்குத் தேங்காய் மட்டையும் கரியும் போதும்.

பொறுமை இருந்தால் வித்துத் தூளிலிருந்தே வளர்க்கலாம். பில்லோடு வாங்கிய செடியின் இலைக்கடியில் பழுப்புப் பொட்டு முற்றியதும் ஒரு துண்டைக் கடதாசி உறைக்குள் வையுங்கள். இரண்டு நாளில் தூள் கொட்டும். தும்புத்தூளில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, மேலே தூவி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வெயில் படாமல் வையுங்கள். சில வாரங்களில் பச்சையாகப் படியும், இலை தெரிய மாதங்களாகும், தண்டு எழும்ப வருடங்களாகும். நட்ட பிறகு நிழலும் காற்று மறைவும் வேண்டும். தண்ணீரை அடியில் மட்டுமல்ல, தண்டு முழுக்க ஊற்றுங்கள். வெளியே தெரியும் அந்த நாரெல்லாம் வேர். நுவரெலியாப் பக்கம் தை, மாசி உறைபனிக்குக் குருத்தின் மேல் சாக்குப் போட்டுவிடுங்கள்.