காணிக்கு அட்வான்ஸ் வாங்குமுன் ஒரு தடவை கேளுங்கள்

"மரபணு ஊசி" எங்கே போடலாம் என்று கேட்டு இன்னொரு தகப்பன் கிளினிக்குக்கு வந்தார். ஒட்டுசுட்டான் பக்கம். மகனுக்குத் தலசீமியா; இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். கனடாவில் இருக்கிற மச்சான் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். இங்கே வயல் காணிக்கு ஆள் பார்த்தாயிற்று. அதுகூடப் பரவாயில்லை. எப்படியும் சுகமாகப் போகிறதுதானே என்று இரும்பைக் குறைக்கிற குளிசையை நிறுத்திவிட்டார்கள்!

வீடியோ பொய்யில்லை. கஸ்கெவி என்ற அந்தச் சிகிச்சையைத் தலசீமியாவுக்குக் கொடுக்க 2023 நவம்பரில் பிரித்தானியாவும் 2024 ஜனவரியில் அமெரிக்காவும் அனுமதித்தன. ஆனால் அது ஊசி இல்லை. நோயாளியின் இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, காஸ்9 என்ற நொதியத்தால் டி.என்.ஏ.யை வெட்டுவது ஆய்வுகூடத்தில். அவற்றைத் திருப்பி ஏற்றுமுன் எலும்பு மச்சையைக் கடும் கீமோ மருந்தால் வெறுமையாக்க வேண்டும். பிற்காலத்தில் பிள்ளை பெறும் வாய்ப்பே போகலாம். அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர். எந்த வயல் காணும்?

"பிழையான மரபணுவைத் திருத்திவிடுவினமாம்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தச் சிகிச்சை தலசீமியா மரபணுவைத் தொடுவதே இல்லை. தாய் வயிற்றில் இருக்கும்போது நமக்கு ஓடுவது வேறொரு ஹீமோகுளோபின். பிறந்த பிறகு அதை அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. வெட்டு விழுவது அங்கேதான். நொதியத்துக்குத் தெரிந்தது வெட்டு மட்டும்; வெட்டிய இடத்தைக் கலம் அரைகுறையாக ஒட்டும். அதனால் அடக்குகிற வேலை கெட்டு, பழைய ஹீமோகுளோபின் திரும்புகிறது. (முன்பெல்லாம் டி.என்.ஏ.யில் வெட்டுகிற ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாகப் புரதம் வடிவமைக்க வேண்டும். இப்போது நொதியத்துக்கு இடத்தைக் காட்டுகிற சிறு ஆர்.என்.ஏ. துண்டை மாற்றினால் போதும். எனக்கும் வியப்புத்தான்.) பிழையான மரபணு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விந்திலும் முட்டையிலும் இருக்கிறது. "சுகமானதும் மச்சாளையே கட்டிவைப்பம்" என்கிற அம்மாமாரே, கொஞ்சம் பொறுங்கள்.

குளிசையை நிறுத்தாதீர்கள். ஏற்றுகிற இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். வீடியோ பார்த்து அது காத்திருக்காது. இரத்தம் ஏற்றும் திகதியைத் தள்ளாதீர்கள். சாதகம் பார்க்கும்போதே இரண்டு பேருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒருவர் மட்டும் காவி, அதாவது நோயில்லாமல் பிழையான மரபணுவைச் சுமப்பவர் என்றால் பிள்ளைக்கு நோய் வருமென்ற பயம் வேண்டாம். இரண்டு பேருமென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

அடுத்த வீடியோ வந்தால் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். தயவுசெய்து, காணி தரகரிடம் போகுமுன்.