முண்ட்ரௌப்: வாய்க்குப் போன பழத்துக்கு ஒரு சொல்

ஜெர்மன் மொழியில் 'முண்ட்' என்றால் வாய், 'ரௌப்' என்றால் கொள்ளை. இரண்டையும் ஒட்டினால் முண்ட்ரௌப். அடுத்தவர் மரத்தில் ஒரு பழத்தைப் பறித்து, நின்ற இடத்திலேயே தின்றுவிடுகிற சின்னக் குற்றத்துக்கு வழங்கிய பெயர் இது. இப்போது அதே சொல், பொது இடங்களில் யாரும் பறிக்கலாம் என்று இருக்கும் பழமரங்களைக் காட்டும் ஓர் இணைய வரைபடத்துக்கும் பெயர். குற்றத்தின் பெயர் பகிர்வின் பெயராக மாறிய கதை சுவையானது. அதைவிடச் சுவையானது, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி.

முதலில் வேர். முண்டும் ஆங்கிலத்து மவுத்தும் ஒரே குடும்பம். ரௌப்பும் ராபரியும் அப்படியே. அங்கியைக் குறிக்கும் ரோப் என்ற சொல்கூட இந்த வேரிலிருந்து கிளைத்ததுதான். கொள்ளையடித்து வந்த உடுப்பு என்பது அதன் பழைய பொருள். சட்டக் கண்ணோடு பார்த்தால் முண்ட்ரௌப் தவறான பெயர். கொள்ளை என்றால் வன்முறையோ மிரட்டலோ இருக்க வேண்டும். ஆப்பிள் மரத்தை யார் மிரட்டினார்கள்? ஆனாலும் அந்த மிகையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சொல் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1871-இல் வந்த ஜெர்மன் பேரரசின் தண்டனைச் சட்டம் இதைத் திருட்டோடு சேர்க்காமல், 370ஆம் பிரிவில் சில்லறைக் குற்றங்களோடு வைத்தது. தின்பண்டமாகவோ உணவுப் பொருளாகவோ இருக்க வேண்டும். மதிப்போ அளவோ சொற்பமாக இருக்க வேண்டும். உடனே தின்பதற்காக எடுத்திருக்க வேண்டும். உரியவர் புகார் கொடுத்தால்தான் வழக்கு. 1975 தொடக்கத்தில் இந்தத் தனிப்பிரிவு நீங்கியது. அப்புறம் அது குற்றமே இல்லை என்று சிலர் எண்ணிக்கொள்வதுண்டு. அப்படியில்லை, இப்போது அது சாதாரணத் திருட்டுக்குள் போய்விட்டது, சிறு மதிப்புப் பொருளுக்கான சலுகையோடு.

வாய்க்குப் போவதையும் கூடைக்குப் போவதையும் பிரித்துப் பார்ப்பது ஜெர்மானியர் கண்டுபிடிப்பு அல்ல. பைபிளில் உபாகமம் 23ஆம் அதிகாரம், அயலானின் திராட்சைத் தோட்டத்துக்குள் போனால் ஆசை தீரத் தின்னலாம், கூடையில் போட்டு எடுத்து வரக் கூடாது என்கிறது. நம் கூடை மடிதான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!

தமிழிலும் ஒரு முண்ட்ரௌப் வழக்கு உண்டு, ஆனால் சிரிக்க முடியாதது. குறுந்தொகை 292ஆம் பாட்டில் பரணர் சொல்வது: நீராடப் போன பெண் ஆற்று நீர் கொண்டுவந்த ஒரு பச்சைக் காயைத் தின்றுவிட்டாள். அது நன்னன் என்ற சிற்றரசனின் காவல் மரத்து மாங்காய் என்பார்கள் உரைகாரர்கள். அந்தக் குற்றத்துக்கு ஈடாக எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொன்னார்கள். நன்னன் ஏற்கவில்லை, கொன்றுவிட்டான். அவள் கிளையை வளைக்கவில்லை, பறிக்கவுமில்லை. தானாக மிதந்து வந்ததை எடுத்தாள். அவன் பெயருக்கு முன்னால் 'பெண்கொலை புரிந்த' என்ற அடை ஒட்டிக்கொண்டது.

சரி, ஜெர்மனிக்குத் திரும்புவோம். அங்கே பழைய சாலைகள் பலவற்றின் ஓரம் ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம் மரங்கள் நிற்கின்றன. நிழலுக்கும் பழத்துக்குமாக அரசர் காலத்தில் நட்டவை. மகசூலை ஏலம் விடுவார்கள். கடைப் பழம் மலிந்த பிறகு பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்து அழுகின. 2009-இல் சில நண்பர்கள் தொடங்கிய முண்ட்ரௌப் தளம் இத்தகைய மரங்களை வரைபடத்தில் குறிக்க ஆரம்பித்தது. நிறுவனர்களில் ஒருவர் பெயர் காய் கில்டோர்ன். காய் என்பவர் பழம் தேடிப் போனார் என்று நாம் சிரித்துக்கொள்ளலாம். தளத்தின் விதிகளில் முதலாவது, மரம் யாருடையது என்று பார்த்து, உரியவர் இருந்தால் அனுமதி கேட்பது. மரத்துக்கு ஊறு செய்யாதே, கிடைத்ததைப் பகிர், மரத்தைப் பராமரிக்கவும் கைகொடு என்பவை மற்றவை. குற்றத்தின் பெயரை வைத்துக்கொண்டு குற்றத்தை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

ஆண்டர்நாக் என்ற நகரம் இன்னும் ஒரு படி போனது. 2010-இல் நகராட்சியே கோட்டைச் சுவரோரம் 101 வகைத் தக்காளி நட்டு, வேண்டியவர்கள் பறித்துக்கொள்ளலாம் என்றது. அனுமதி கொடுத்துவிட்டால் அது முண்ட்ரௌப் ஆகுமா என்பது வேறு கேள்வி.

ஒரு சட்டச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் உரிமையியல் சட்டம் 911ஆம் பிரிவின்படி, உங்கள் மரத்துப் பழம் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் உதிர்ந்தால் அது பக்கத்து வீட்டாருக்கு. ஆனால் பொதுப் பயன்பாட்டு நிலத்தில், அதாவது தெருவில் விழுந்தால், இந்த விதி செல்லாது. பழம் உங்களுடையதாகவே இருக்கும். தெருவில் கிடப்பதெல்லாம் ஊர்ப் பொது என்ற நினைப்பு அங்கே எடுபடாது.

இனி தமிழ்ச் சொல். 'உணவுத் திருட்டு' என்றால் லாரியில் மூட்டை கடத்துவதுபோல் இருக்கிறது. 'வாய்க்கொள்ளை' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் காதில் 'வாய்கொள்ளா' என்று விழுந்து சிரிப்பைத்தான் நினைவூட்டும். 'பழப் பகிர்வு' நல்லபிள்ளைச் சொல். பழைய குறும்பு அதில் துளியும் இல்லை.

என் தேர்வு: வாய்ப்பறி. வழிப்பறி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, அதே அச்சில் வார்த்தது இது. தமிழில் பறி என்ற வினை பூவைப் பறிப்பதற்கும் பணத்தைப் பறிப்பதற்கும் ஒன்றுதான். ஜெர்மன் சொல்லில் குற்றம் மட்டும்தான் உண்டு, பறிக்கும் கை இல்லை. நம் சொல்லில் இரண்டும் ஒரே வேரில் இருக்கின்றன. செய்கிறவர் வாய்ப்பறிக்காரர். 'போகிற வழியில் நாலு நாவல் பழம் வாய்ப்பறி செய்தோம்' என்று எழுதினால் அகராதி இல்லாமலே புரியும்.

இதை வாய்ப்பு + அறி என்றும் பிரிக்கலாமே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பிரிக்கலாம். எந்த மரம் எங்கே பழுத்திருக்கிறது என்று வரைபடத்தில் தேடுகிறவருக்கு அந்தப் பொருளும் பொருந்துகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஜாம் காய்ச்ச இரண்டு கூடை நிறையப் பறித்து வருகிறவரை, தளம் எப்படி அழைத்தாலும், வாய்ப்பறிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பொது மரத்தில் நடக்கும் அறுவடை.