கிழிந்த பெருஞ்சிரையைத் திறக்காமல் காப்பது எப்படி?

வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்றால், உடனே திறந்து தைக்கவேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தமனிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் விபத்தின் ஊமையடியில் உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோக கல்லீரலுக்குப் பின்னால் ஓடும் கீழ்ப் பெருஞ்சிரையோ, அதில் வந்து சேரும் கல்லீரல் சிரைகளோ கிழிந்து, ரத்த அழுத்தம் மட்டும் நிலையாக இருந்தால், வயிற்றைத் திறப்பதுதான் பெரிய ஆபத்து.

காரணம் அழுத்தக் கணக்கு. பெருந்தமனியில் சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். கீழ்ப் பெருஞ்சிரையிலோ ஏறத்தாழ 5 முதல் 10 வரைதான். கசிந்த ரத்தம் மூடிய இடத்தில் தேங்கினால், வெளி அழுத்தம் விரைவிலேயே சிரையின் உள் அழுத்தத்தை எட்டிவிடும். அப்போது கசிவு நிற்கும், ரத்தம் உறையும். அப்படி ஒரு மூடிய அறை கல்லீரலின் முதுகுப்புறத்தில் இயல்பாகவே இருக்கிறது. முன்னால் ஒன்றரைக் கிலோ கல்லீரல், பின்னால் உதரவிதானமும் முதுகெலும்பும், ஓரங்களில் கல்லீரலைக் கட்டிப்பிடித்திருக்கும் இணைப்பு நார்கள்.

அறுவை மருத்துவர் கல்லீரலைத் தூக்கிப் பார்த்த கணமே இந்த அறை உடைகிறது. கல்லீரலுக்குள் நுழையும் தமனியையும், குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையும் நெருக்கிப் பிடிக்கும் முறையை ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908இல் எழுதினார். இன்றும் அது கைகொடுக்கிறது. ஆனால் கால்களிலிருந்து மேலேறும் ரத்தத்தையும் இதயப் பக்கமிருந்து பின்னோக்கி வழிவதையும் அது தடுக்காது. போதாததற்கு, திறந்த ஓட்டை வழியே காற்று உறிஞ்சப்பட்டு இதயத்துக்குப் போகலாம்.

ஆகவே முதல் கேள்வி, நோயாளி நிலையாக இருக்கிறாரா என்பதே. இருந்தால், ரத்தக்குழாய்களைப் படத்தில் துலங்கவைக்கும் மருந்தைச் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டும். மருந்து செலுத்தியபின் தமனிகளுக்கு 25–30 விநாடியில் ஒரு படம், சிரைகளுக்கு 70 விநாடி வாக்கில் இன்னொன்று. கல்லீரல் பிளவு சிரை வரை ஓடுகிறதா, சிரையைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருந்து வயிற்றறைக்குள் தாராளமாக வழிந்தால் அறை தாங்கவில்லை என்று பொருள். பெருஞ்சிரை தட்டையாகச் சப்பிக் கிடந்தால், அழுத்தம் நன்றாக இருந்தாலும் ரத்தம் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை.

அடுத்து வரும் சிகிச்சை முழுவதும் அந்த உறைவைக் காவல் காப்பதுதான். ஊசி கைகளில்தான் போடவேண்டும், 14 அல்லது 16 கேஜ் அளவுள்ள தடித்த ஊசிகள் இரண்டு. தொடையில் போட்டால் ஏற்றுவது கிழிசல் வழியே வெளியேறக்கூடும். சலைனை வாரி ஊற்றினால் சிரை அழுத்தம் கூடும், உறையும் தன்மை நீர்த்துப்போகும். தேவைப்படுவது ரத்தம்: சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் ஏறத்தாழ சம அளவில், கூடவே கால்சியம். ரத்தப் பையிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இது கட்டாயம். கசிவு அடங்கும்வரை மேல் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் பெரிய எண்) 80–90 போதும். தலையிலும் அடிபட்டிருந்தால் இந்தச் சலுகை கிடையாது, மூளைக்கு அதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். உறைவு கரையாமல் தடுக்கும் ட்ரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில், பிறகு 1 கிராம் 8 மணி நேரத்தில். விபத்து நடந்து 3 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், தாமதித்தால் கெடுதல்.

பலரும் கவனிக்கத் தவறுவது வென்டிலேட்டரை. தசை தளர்த்தும் மருந்து வயிற்றுச் சுவரை நெகிழவைத்து அறையின் இறுக்கத்தைக் குறைக்கும். இயந்திரம் தள்ளும் காற்றோ சிரை அழுத்தத்தை உயர்த்தும். வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாயில் குழாய் போட்ட சில நிமிடங்களில் நோயாளி சரிவது இதனால்தான். தவிர்க்க முடியாவிட்டால், ரத்தமும் அறுவைக் குழுவும் பக்கத்தில் தயாராக இருக்கும்போதே குழாய் போடவேண்டும்.

காப்பாற்றிய இறுக்கமே எல்லை மீறவும் கூடும். சிறுநீர்ப்பைக்குள் 25 மி.லி. சலைன் விட்டு, அதன் வழியே வயிற்றறையின் அழுத்தத்தை அளப்பார்கள். அது 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி நிலைத்து, சிறுநீர் குறைவது போன்ற உறுப்புத் தளர்ச்சியும் தெரிந்தால் வயிற்றைத் திறந்தே ஆகவேண்டும். மேல் அழுத்தம் மறுபடி சரிந்தாலும், ரத்தம் ஏற்ற ஏற்றப் போதாமல் போனாலும், குடல் கிழிந்ததற்கான அறிகுறி தெரிந்தாலும் அப்படியே. எனவே 24 மணி நேரமும் அறுவை அரங்கு, ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றும் இல்லாத இடத்தில் இந்தக் காத்திருப்பு கூடாது. கசிவு தொடர்ந்தும் நோயாளி தாக்குப்பிடித்தால், கிழிசலை உள்ளிருந்து மூட, சிரை வழியே உறையிட்ட ஸ்டென்ட் (வலைக் குழாய்) வைப்பது ஒரு வழி. அது கல்லீரல் சிரைகளின் வாயை அடைத்துவிட்டால் கல்லீரல் தேங்கி வீங்கும்.

பிறகு நேர்எதிரான கவலை வருகிறது: உறைவு வளர்ந்து சிரையை அடைப்பது, துண்டாகி நுரையீரலுக்குப் போவது. அதனால் ஹீமோகுளோபின் 24 முதல் 48 மணி நேரம் இறங்காமல் நின்றதும், உறைவு தடுக்கும் எனாக்சபாரின் ஊசியைச் சிறு அளவில் தொடங்குவார்கள். ரத்தம் கசிந்தவருக்கே இந்த மருந்தா என்று உறவினர் பதறுவது இயல்பு, ஆனால் இதைத் தள்ளிப்போடுவதும் உயிருக்கு ஆபத்து. வீடு திரும்பிய பின் கால் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.