பிலிருபின் இறங்கினால் போதுமா?

எட்டாம் மாதத்தில் காமாலையோடு வரும் பெண்ணின் வீட்டார் வழக்கமாகச் சொல்வது இரண்டு: "அட்டையில காமாலை டெஸ்ட் நெகட்டிவ்னு இருக்கே டாக்டர்." "கீழாநெல்லி குடுத்தோம், பிலிருபின் 8-ல இருந்து 6-க்கு இறங்கிடுச்சு." பிலிருபின் என்பது ரத்தத்தில் கூடினால் கண்ணை மஞ்சளாக்கும் நிறமி.

கர்ப்பகால அட்டையில் இருப்பது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸுக்கான டெஸ்ட். நான் பயப்படுவது தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஈ. வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் அது கிடையாது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்ததும் அப்படித்தான். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் தொற்றினால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவரை பிரஷர், சுகர் எதுவும் இல்லாத பெண்ணும் அன்றிலிருந்து ஹை ரிஸ்க்தான்.

ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது பிலிருபினை அல்ல, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆரை. ரத்தம் உறையத் தேவையான பொருள்களைச் செய்வது கல்லீரல். ஐஎன்ஆர் 1.5-ஐத் தாண்டினால் அந்த வேலை தடுமாறுகிறது என்று பொருள். கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் எஸ்ஜிபிடி மளமளவென்று இறங்குவதும் சில சமயம் கெட்ட செய்திதான்: கசிவதற்குக் கல்லீரல் செல்களே மிச்சமில்லாமல் போயிருக்கும்.

அடுத்து மாமியாரிடம் கேட்பேன்: "ராத்திரி தூங்கினாளாம்மா?"

"பகலெல்லாம் தூங்குறா, ராத்திரி முழிச்சுக்கிட்டு ஏதேதோ பேசுறா."

கைகளை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னால் உள்ளங்கை படபடவென்று அடித்துக்கொள்ளும். பாதிப்பு மூளைக்கு எட்டிவிட்டது. அதற்குப் பிறகு பத்தியம், மந்திரிப்பு என்று ஒரு நாள்கூடக் கடத்த முடியாது.

"உடனே ஆபரேஷன் பண்ணி குழந்தையை எடுத்துடுங்க" என்பார்கள். சீக்கிரம் பிரசவம் பார்ப்பது தாயைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஐஎன்ஆர் ஏறியிருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடு. வைரஸுக்கு எதிரான ரிபாவிரின் மாத்திரை கர்ப்பிணிக்குக் கூடாது. ஆகவே ஐசியூவும் ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா தரும் ரத்த வங்கியும் இருக்கிற மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

1955 இறுதியில் டெல்லியில் யமுனையின் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. குளோரினைக் கூட்டினார்கள், டைபாய்டு பரவவில்லை, ஆனால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல வருடம் கழித்தே தெரிந்தது.

தொற்றிய 2 முதல் 10 வாரத்தில்தான் நோய் தெரியும். ஏழாம் மாத வளைகாப்பில் குடித்தது ஒன்பதாம் மாதம் கண்ணில் மஞ்சளாக வரலாம். மண்டபத்துக்குப் போகும்போது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும். ஐஸ் போட்ட ஜூஸ், எந்தத் தண்ணீரில் கரைத்தார்கள் என்று தெரியாத மோர், இரண்டும் அவளுக்கு வேண்டாம்.