கீமோ சூடு என்று ஒன்று கிடையாது அண்ணாச்சி

மறுபடியும் ஒருவர். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் மனைவிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல். எங்களிடம் கூட்டிவந்தது திங்கட்கிழமை காலை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "கீமோ சூடுதானே சிஸ்டர். இளநி குடுத்தோம், பாரசிட்டமால் போட்டோம், விட்டுருச்சு, திரும்ப வந்துருச்சு" என்கிறார். அம்பாசமுத்திரம் பக்கம், பிசான அறுப்பு நேரம். வயலைப் போட்டுவிட்டு வர முடியாத கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த அம்மா வந்து சேரும்போது மேல் பிரஷரே 80-க்குக் கீழே. நேரே ஐ.சி.யூ.

கீமோ வார்டில் நர்ஸாக இருக்கும் எனக்கு இந்தச் 'சூடு' என்ற பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. வாய்ப்புண் வந்தால் சூடு, உள்ளங்கை காந்தினால் சூடு, ஒண்ணுக்குக் கடுத்தால் சூடு, கடைசியில் காய்ச்சலும் சூடு. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டு வெந்தயம், மோர், தலைக்கு விளக்கெண்ணெய் என்று வைத்தியம் ஆரம்பமாகிவிடும். வாய்ப்புண் வருவது, வாயின் உள்தோலையும் மருந்து பாதிப்பதால். காய்ச்சலின் கதையே வேறு. வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் அதைக் கிருமித் தொற்று என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இளநீர் குடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கிருமி சாகாது. பாரசிட்டமால் போட்டால் தெர்மாமீட்டரில் எண் இறங்கும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள், கிருமி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சில மருந்துகளே லேசாகக் காய்ச்சல் தருவது உண்டு. கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, ஏற்றுகிற ஊசி போட்டாலும் மேல்வலியோடு கொஞ்சம் காயும். ஆனால் இது எந்தக் காய்ச்சல் என்று பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிற காரியமா அது?

கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை பொதுவாகக் கவுண்ட் கீழே கிடக்கும். அந்த நாட்களில் ஊர்க் கொடை, சடங்கு வீடு, துட்டி வீடு எதுவும் வேண்டாம். ரோட்டோரப் பதநீரும் நறுக்கி வைத்த பழமும் வேண்டாம். இருமிக்கொண்டே நலம் விசாரிக்க வருகிற உங்கள் அக்காவை வாசலோடு அனுப்புகிற வேலையும் உங்களுடையதுதான். மைனி முகத்துக்கு நேரே உங்கள் மனைவி அதைச் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். தொட்டுப் பார்த்து, "லேசாத்தான் காயுது" என்பதெல்லாம் கணக்கில் சேராது. 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரைக்கு முன்னால் எங்களுக்குப் போன். நடு ராத்திரி என்றாலும் சரி. குளிர் நடுக்கமோ, ஆள் சோர்ந்து மயங்குவதோ இருந்தால், காய்ச்சலே இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். பஸ் இல்லையென்றால் 108 இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கீமோ பைலை மறக்காதீர்கள். டியூட்டி டாக்டரிடம் முதல் வார்த்தையே, "கீமோ ஓடுது, இன்னைக்கு இத்தனாவது நாள்" என்பதாக இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் உள்ளே போக வேண்டும். அந்த ஒரு வரி சொல்லாமல் வரிசையில் உட்கார்ந்தால் சாதாரணக் காய்ச்சல் கேஸாகிவிடும்.

இன்னொன்று. புருஷனுக்குக் கீமோ என்றால் மனைவிக்கு மாத்திரைப் பெயர் முதல் அடுத்த தேதி வரை தலைகீழாகத் தெரியும். மனைவிக்குக் கீமோ என்றால் அண்ணாச்சிகள் பலர் வெளியே டீக்கடையில் நிற்கிறார்கள். உள்ளே வந்து உட்காருங்கள், நாங்கள் சொல்வதை நீங்களும் கேளுங்கள். ஏனென்றால் அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள். "அவுக அசந்து தூங்கிட்டு இருந்தாக, எழுப்ப மனசு வரல" என்று காய்ச்சலோடு விடிய விடியப் படுத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். தினமும் ரெண்டு வேளை நீங்களே தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், தயவுசெய்து.

காய்ச்சல் என்று சொன்னால் அடுத்த கீமோ தள்ளிப்போகுமே என்று மறைக்கிறவர்களும் உண்டு. தள்ளிப்போகலாம். கவுண்ட் ஏறியதும் திரும்ப ஆரம்பிப்போம், தேவைப்பட்டால் டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார். அதை அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் போனைப் போடுங்கள்.