பில் தொகை ஏறியது, வீடு குறைந்தது

சென்ற வாரம் ஓர் இளம் ஒப்பந்தக்காரர் வந்தார். டிப்பர் ஒன்றை லீசிங்கில் எடுக்கப் போகிறாராம். தொழில் வளர்ந்திருக்கிறது என்று நான் ஒரு கடிதம் தர வேண்டுமாம். கிளிநொச்சியில் அளவைப் பட்டியலும் மதிப்பீடும் செய்து பிழைப்பவளிடம் இப்படிக் கேட்டு வருபவர்கள் உண்டு. 2021 இல் 180 இலட்சம் ரூபா வேலை, 2023 இல் 232 இலட்சம். கணக்கில் பிழை இல்லை.

"எத்தனை வீடு, தம்பி?" என்றேன்.

"அப்போது ஆறு, பிறகு நான்கு, அக்கா."

எல்லாம் ஒரே வரைபடம், ஒரே அளவு. சொன்ன பிறகுதான் அவருக்கே முகம் மாறியது. இந்த ஆண்டில் இதே கதையுடன் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ரூபாவைக் கூட்டினால் வருவது வேலையின் பெறுமதி. கட்டப்பட்டதன் அளவு அதுவல்ல. தம்பியின் வீடு ஒன்றின் விலை 30 இலட்சத்திலிருந்து 58 இலட்சமாக ஏறியது. 232 இலட்சத்தை 2021 இன் விலைக்குத் திருப்பினால் 120 இலட்சம்தான். அதாவது 180 இலட்சமாக இருந்த வேலை 120 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அவர் கண்ட வளர்ச்சி முழுவதும் சீமெந்து, கம்பி, மேசன் கூலி ஆகியவற்றின் வளர்ச்சி. 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்தக் காலத்து ரூபாவையும் இந்தக் காலத்து ரூபாவையும் ஒரே கோலால் அளப்பது, ஒருவன் முழத்தையும் இன்னொருவன் முழத்தையும் கூட்டிச் சேலை வாங்குவது போன்றது.

இன்னும் விளங்கவில்லையென்றால், போருக்குப் பின் இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2012 இல் தொடங்கிய பெரிய கட்டத்தில் புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா உதவி, தரைப்பரப்பு 550 சதுர அடி. சதுர அடிக்கு ஆயிரம் ரூபா. தொகை அப்படியே நின்றது, பொருள் விலை நிற்கவில்லை. கடைசித் தவணைக்குள் கூரை போட முடியாமல் நகையை அடகு வைத்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே 550 சதுர அடி வீட்டை இன்று கட்டினால் ரூபா பல மடங்கு. வீடு மட்டும் ஒன்றுதான்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் செய்வதும் இதைத்தான். நிர்மாணத்துறையின் உற்பத்தியை நடைமுறை விலையிலும் (அந்தந்த ஆண்டின் விலை) நிலையான விலையிலும் (ஒரே ஆண்டின் விலையை எல்லா ஆண்டுக்கும் வைத்தது) தருகிறார்கள். வளர்ச்சி வீதம் என்று செய்தியில் வருவது நிலையான விலைக் கணக்கு. அந்த ஒரே ஆண்டு, அதாவது அடியாண்டு, முன்பு 2010, இப்போது 2015. மாகாணக் கணக்கு வேறு. அதை மத்திய வங்கி நடைமுறை விலையில் வெளியிட்டு வந்திருக்கிறது. "வடக்கு இத்தனை சதவீதம் வளர்ந்தது" என்று போருக்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றி மேடையில் முழங்குபவர்கள் அந்தச் சதவீதத்துக்குள் விலையேற்றமும் இருப்பதைச் சொல்வதில்லை.

இப்படி விலையேற்றத்தைக் கழித்து உண்மையான வேலையைக் காணும் கணக்கு நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. பொருளின் விலையைக் கொண்டு கழிப்பதா, வீட்டை முடித்துக் கொடுக்கும் விலையைக் கொண்டு கழிப்பதா? வேலை கிடைக்காத காலத்தில் ஒப்பந்தக்காரர் தன் இலாபத்தை விட்டுக்கொடுத்துக் கேள்விப்பத்திரம் போடுகிறார். சீமெந்து ஏறிய அளவுக்கு வீட்டு விலை ஏறுவதில்லை. அப்போது பொருள் விலையால் கழித்தால், நடந்த வேலை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பிரித்தானியாவிலேயே இது இடறியிருக்கிறது. விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண்களான விலைச் சுட்டெண்களின் தரத்தில் ஐயம் எழுந்ததால் 2014 டிசம்பரில் அங்கே நிர்மாண உற்பத்திப் புள்ளிவிபரம், நம்பலாம் என்ற முத்திரையான தேசியப் புள்ளிவிபரம் என்ற தகுதியை இழந்தது. (எங்கள் தொழிலில் இதைப் பேசினால் இரவு முழுவதும் பேசலாம். இங்கே விடுகிறேன்.)

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியில் ஐப்பசி பிறந்தால் கொங்கிறீட் போட வானத்தைப் பார்க்க வேண்டும். கூலியாட்களோ காலபோக விதைப்புக்குப் போய்விடுவார்கள். செப்டெம்பருடன் டிசம்பரை ஒப்பிட்டு "தொழில் படுத்துவிட்டது" என்று புலம்பாதீர்கள். போன ஆண்டின் அதே காலாண்டை எடுங்கள். வெளியாகும் வீதமும் அப்படித்தான் கணக்கிடப்படுகிறது. சதவீதத்தில் ஏமாறவும் வேண்டாம். நூறிலிருந்து இருபது சதவீதம் விழுந்து, பிறகு இருபது சதவீதம் ஏறினால் கையில் இருப்பது 96. பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் வேண்டும். 2022 இல் நாட்டின் மொத்த உற்பத்தியே ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கிய பிறகு வரும் எந்த "அபார வளர்ச்சி"யையும் இந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

காணி விலையைக் கலக்காதீர்கள். ஏ9 வீதியோரம் பரப்பின் விலை ஏறியதால் ஒரு கல்லும் கூடுதலாக அடுக்கப்படவில்லை. பிரதேச சபையில் அனுமதி எடுத்த வீடும் கட்டிய வீடல்ல. அத்திவாரத்தோடு புல் முளைத்துக் கிடப்பவற்றை உங்கள் வீதியிலேயே எண்ணலாம்.

இனி என்னை உண்மையில் எரிச்சலூட்டும் விடயம். ஒப்பந்தக்காரர்களே, செய்த வேலையைக் கேட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்திலிருந்து படிவம் வந்தால், காசு கைக்கு வந்த தொகையை எழுதி அனுப்புகிறீர்கள். கேட்பது அதுவல்ல, அந்த ஆண்டில் நடந்த வேலையின் பெறுமதி. 2022 இல் அரச வேலை செய்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கட்டியது ஓர் ஆண்டு, காசோலை வந்தது இன்னோர் ஆண்டு. இப்படிப் பலர் எழுதினால் நெருக்கடி ஆண்டில் நடந்த வேலை மறைந்து, பிந்திய ஆண்டில் நடக்காத வேலை முளைக்கும்.

இன்னும் சிலர் படிவத்தைத் திறப்பதே இல்லை, இறைவரிக்குப் போய்விடுமாம். போகாது. புள்ளிவிபரக் கட்டளைச் சட்டம் தனிநபர் தகவலை வெளியிடத் தடை விதிக்கிறது. தயவுசெய்து நிரப்புங்கள். பதிவில்லாமல் மேசன் ஒருவரை வைத்துச் சொந்தமாகக் கட்டும் வீடுகளைப் படிவம் பிடிப்பது கடினம். பதிவுள்ள நீங்களும் ஒளிந்தால் வன்னியில் என்ன கட்டப்பட்டது என்பதை ஊகத்தால்தான் எழுத வேண்டும்.

உங்கள் கொப்பியில் ரூபாவுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று நிரல் போடுங்கள்: சதுர அடி, சீமெந்துப் பை, மேசன் நாட்கள். பழைய ஒப்பந்தத்தைப் புதியதோடு ஒப்பிட வேண்டுமானால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை மாதந்தோறும் தரும் விலைச் சுட்டெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வது சுட்டெண் அல்ல.

தம்பிக்குக் கடிதம் கொடுத்தேன். ஆறு வீடு, நான்கு வீடு என்று இரண்டையும் சதுர அடியோடு எழுதினேன். அதை வாசித்துவிட்டு, டிப்பரை வாடகைக்கு எடுத்தால் நாளுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார்.