ரன்னிங் மேட் ஊகம்: அந்த மாநிலக் கணக்கைக் கொஞ்சம் விடுங்கள்

2028 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மாப்பிள்ளையே முடிவாகவில்லை, அதற்குள் மாப்பிள்ளைத் தோழன் (ரன்னிங் மேட், அதாவது துணை அதிபர் வேட்பாளர்) பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. “துணை அதிபர் இவர்தான், மாநிலம் கையில்” என்று படத்தோடு கார்டு. இந்தச் செய்திகளைத் தமிழில் போடுகிறவர்களுக்கும் ஃபார்வர்டு செய்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

துணை வேட்பாளர் தன் சொந்த மாநிலத்தை அள்ளிக்கொண்டு வருவார் என்ற நம்பிக்கை 1960-ஐ வைத்துத்தான் ஓடுகிறது. கென்னடி, டெக்சாஸ்காரர் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகளும் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் ஓட்டு) வந்தன. சரி. அதே டெக்சாஸை 1988-இல் பாருங்கள். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸ் தன்னோடு நிறுத்தியது அந்த மாநில செனட்டர் லாயிட் பென்ட்சனை. ஒரே நாளில் இரண்டு பதவிக்கும் நிற்க டெக்சாஸ் சட்டம் இடம் கொடுக்கும் (ஜான்சனுக்காகத் திருத்தப்பட்ட சட்டம்தான்). செனட் தேர்தலில் பென்ட்சனுக்கு 59 சதவீதம் கொடுத்து ஜெயிக்கவைத்த மக்கள், அதே நாளில் டுகாகிஸ்–பென்ட்சன் ஜோடிக்குப் போட்டது 43 சதவீதம். அவரைப் பிடிக்காமல் இல்லை. அதிபர் தேர்தலில் மக்கள் பார்ப்பது முதல் பெயரை.

இன்னும் வேண்டுமா? 2004-இல் ஜான் கெர்ரியோடு ஜான் எட்வர்ட்ஸ் இருந்தும் அவர் மாநிலம் வட கரோலினா கைவிட்டுப் போனது. 2012-இல் மிட் ராம்னியோடு பால் ரயன் இருந்தும் அவர் மாநிலம் விஸ்கான்சின் போனது. 2000-இல் புஷ்ஷின் துணை டிக் செனியின் வயோமிங், 2008-இல் ஒபாமாவின் துணை பைடனின் டெலவர், இரண்டுக்கும் தலா 3 வாக்குதான். அதற்காகவா அவர்களை எடுத்தார்கள்? 2024-இல் கமலா ஹாரிஸுக்குத் துணை, பென்சில்வேனியாவின் 19 வாக்குகளுக்காக அந்த மாநில ஆளுநர் ஷபிரோதான் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். வந்தவர் மின்னசோட்டாவின் டிம் வால்ஸ். 1976 முதல் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியைக் கைவிடாத மாநிலம் அது.

பார்க்கவேண்டியது வேறு. பெயர் அடிபடுகிறவர் செனட்டரா? அவர் போனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் தற்காலிகமாக ஆளை நியமிப்பவர் ஆளுநர். (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வந்த கட்சிக்காரர், நம் ராஜ்பவன் ஆளுநர் அல்ல.) 2016-இல் எலிசபெத் வாரன், கோரி புக்கர், ஷெரோட் பிரவுன் மூவர் பெயரும் ஓடியது, மூன்று மாநிலத்திலும் ஆளுநர் குடியரசுக் கட்சி. டிம் கேனின் வர்ஜீனியாவில் ஆளுநர் ஜனநாயகக் கட்சி. ஹிலாரி கிளின்டன் எடுத்தது கேனை. காரணம் இது ஒன்றே என்று சொல்லமாட்டேன், ஆனால் இதைப் பார்க்காமல் பட்டியல் போடுவது வெட்டிவேலை.

காலக்கெடுவும் அப்படித்தான். இண்டியானாவில் ஒருவர் ஆளுநருக்கும் துணை அதிபருக்கும் சேர்ந்து நிற்க முடியாது. 2016-இல் அந்த மாநில ஆளுநர் மைக் பென்ஸ் ஆளுநர் போட்டியிலிருந்து விலகக் கடைசி நேரம் ஜூலை 15 நண்பகல். பென்ஸ்தான் துணை என்று டிரம்ப் ட்விட்டரில் அறிவித்தது அன்று காலை! நாள்காட்டி வைத்திருந்தவனுக்குத் தொலைக்காட்சி விவாதமே தேவைப்படவில்லை.

தகுதி விஷயத்தில் தயவுசெய்து குழப்பாதீர்கள். அதிபராகத் தகுதியில்லாதவர் (பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக இல்லாதவர், உதாரணமாக) துணை அதிபராகவும் முடியாது. ஆஸ்திரியாவில் பிறந்த ஷ்வார்ஸ்நெகர் கார்டை இனியாவது அனுப்பாதீர்கள். “ஒரே மாநிலத்துக்காரர்கள் சேர்ந்து நிற்கக்கூடாது” என்பதும் தவறு. நிற்கலாம். அந்த மாநிலத் தேர்வாளர்கள் மட்டும் இருவருக்கும் ஓட்டுப் போட முடியாது. புஷ்ஷும் செனியும் இருவரும் டெக்சாஸ்வாசிகள் என்பதால், அதன் 32 வாக்குகளுக்குச் சிக்கல் வரக்கூடாதென்று 2000-இல் செனி தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றினார். புஷ்ஷுக்குத் துணை வேட்பாளரைத் தேடும் குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அதே செனிதான், அது தனிக் கூத்து.

ஷார்ட் லிஸ்டில் பெயர் கசிந்தால் துள்ளாதீர்கள். பாதிப் பெயர்கள் மரியாதைக்குப் போட்டவை, ஒரு பிரிவினரைக் குளிர்விக்கப் போட்டவை. உண்மையான வடிகட்டல் வக்கீல்களிடம் நடக்கிறது: மிட் ராம்னி 2008-இல் மெக்கெய்ன் தரப்புக்குக் கொடுத்தது 23 ஆண்டு வரிக் கணக்கு. 1972-இல் ஜனநாயகக் கட்சி அவசரமாக எடுத்த தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்ற செய்தி வெளிவந்ததால், துணை வேட்பாளரான 18 நாளில் விலகினார். அந்த பயம் கட்சிகளுக்கு இன்னும் தெளியவில்லை.

நம் ஊர் வேர் இருக்கிறது என்பதும் காரணமல்ல. கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம் என்பதில் நமக்குச் சந்தோஷம், பைடனுக்கு அதில் ஒன்றுமில்லை. பெண்ணைத்தான் எடுப்பேன் என்று அவர் 2020 மார்ச்சிலேயே மேடையில் சொல்லிவிட்டார். வேட்பாளர் வாயால் சொன்னதைக் கேளுங்கள், பட்டியல் தானாகச் சுருங்கும்.

2004-இல் நியூயார்க் போஸ்ட் நாளிதழ், கெர்ரியின் துணை டிக் கெப்ஹார்ட் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்தது. கெர்ரி அறிவித்தது எட்வர்ட்ஸை. வேட்பாளரின் சொந்தக் கணக்கில் பெயர் வரும்வரை “உறுதி” என்று போடாதீர்கள், “பேசப்படுகிறது” போதும். பொய்த்துப்போனால் திருத்தத்தைப் பழைய கார்டு போன அதே குழுவில், அதே எழுத்தளவில் போடுங்கள்.